சோப்பு நன்றாக நுரைக்கும் தண்ணீர்

எங்கள் போர் தண்ணீருக்குத் தெருவில் நல்ல பெயர். துணிக்குச் சோப்பு கொஞ்சம் போட்டாலே நுரை பொங்கும். துவரம்பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். தொப்பூரில் பாதிப் பேர் வீட்டில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பு, எங்கள் வீட்டில் படியாது. "தேங்காத் தண்ணி மாதிரி இருக்கும்" என்று அப்பா விருந்தாளிகளிடம் சொல்வார். 2 கணவாய் மலைகளுக்கு நடுவில், கருங்கல்லைக் குடைந்து எடுத்த தண்ணீர் இவ்வளவு மெத்தென்று இருப்பதில் அவருக்குப் பெருமைதான்.

அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்க இரண்டு காரணங்கள் சேர்ந்து வந்தன. அக்கா ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள்; பிரசவம் முடிந்து குழந்தையோடு ஆறு மாதமாவது இங்கேதான் இருப்பாள். இன்னொன்று, கீழ்க்காட்டுக் குண்டுமல்லி. தண்ணீர் பாய்ச்சினால் மண்ணுக்குள் இறங்காமல் மேலேயே நிற்கிறது, காய்ந்தால் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது. அப்பா அதற்கு உரக்கடையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசமா இதைத்தான் குடிக்கிறோம். யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அம்மா சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அவளுக்கு முன்பற்களில் காவி நிறத்தில் குறுக்குக் கோடுகள் உண்டு. வெற்றிலை போடுபவள் இல்லை. கல்யாண போட்டோவிலும் வாயை இறுக்கித்தான் வைத்திருக்கிறாள்.

மாதிரி எடுப்பதில் பெரிய வித்தை இல்லை, ஆனால் பலர் சொதப்புவது அங்கேதான். டேங்கில் தேங்கிய தண்ணீரை எடுக்கக் கூடாது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கேனை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, விளிம்பு வரை பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கு மட்டும் ஆய்வகத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். அதை அலசவே கூடாது, ஐஸ் வைத்து ஒரு நாளுக்குள் சேர்க்க வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் எண்கள் மாறும் என்பதால் எந்த மாதம் எடுத்தது என்று குறித்து வைப்பது நல்லது.

அறிக்கை ஒரே பக்கம்தான். கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ். 730. மின் கடத்துதிறன் 1140. கடினத்தன்மை 140. காரத்தன்மை 320. குளோரைடு 110. நைட்ரேட் 50. ஃபுளோரைடு 2.1. ஒவ்வொன்றுக்கும் எதிரே இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 10500 சொல்லும் இரண்டு வரம்புகள்: ஒன்று 'ஏற்கத்தக்கது', இன்னொன்று 'வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கத்தக்கது'. டி.டி.எஸ்.ஸுக்கு முதல் வரம்பு 500, இரண்டாவது 2000. ஃபுளோரைடுக்கு 1, 1.5. நைட்ரேட்டுக்கு 45 மட்டும்தான், சலுகை கிடையாது. எல்லாமே லிட்டருக்கு மில்லிகிராம். மின் கடத்துதிறனின் அலகு மட்டும் வேறு.

இதில் எல்லோருக்கும் தெரிந்த எண் டி.டி.எஸ். வீட்டு வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர்கள் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தம்ளரில் விட்டுக் காட்டுவார்கள். இரண்டு கம்பி வைத்த கருவியைத் தண்ணீரில் விட்டுக் கரண்ட் கொடுத்தால் தண்ணீர் பழுப்பாகக் கலங்கும். "பாருங்கம்மா, இதைத்தான் குடிக்கிறீங்க" என்பார்கள். கலங்குவது தண்ணீரின் அழுக்கு இல்லை, அந்த இரும்புக் கம்பி அரித்து வரும் துரு. உப்பு இருக்கும் தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பி அரிக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் சும்மா இருக்கும். நல்ல நாடகம். டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்த எடை. சந்தைப் பையின் எடையை மட்டும் சொன்னால் உள்ளே தக்காளியா கல்லா என்று எப்படித் தெரியும்? எங்கள் 730-இல் ஃபுளோரைடின் பங்கு 2.1. மீட்டர் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. ருசியும் வாசனையும் அதைச் சொல்லாது. காய்ச்சினால் போகாது, நீர் ஆவியாகி மிச்சத்தில் இன்னும் கூடும். நைட்ரேட்டும் அப்படியே.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான். இவ்வளவு மெத்தென்ற தண்ணீரில் எப்படி ஃபுளோரைடு? படித்துப் பார்த்தபோது, மெத்தென்று இருப்பதால்தான் என்று தெரிந்தது. நம் பக்கத்துக் கருங்கல் பாறைகளின் கனிமங்களில் ஃபுளோரைடு இருக்கிறது. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால், அது ஃபுளோரைடோடு சேர்ந்து எளிதில் கரையாத பொருளாகப் படிந்துவிடும். ஆக ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் ஏற முடியாது. பாறைக்குள் வெகுகாலம் கிடக்கும் தண்ணீர் தன் கால்சியத்தை இழந்து சோடியத்தையும் பைகார்பனேட்டையும் ஏற்றிக்கொண்டால், தடுக்க ஆளில்லை. பாத்திரத்தில் படியும் வெள்ளை உப்பு கால்சியம். எங்கள் பாத்திரம் பளபளவென்று இருந்ததற்கும் ஃபுளோரைடு 2.1-க்கும் காரணம் ஒன்றே. பருப்பு சீக்கிரம் வெந்ததற்கும் அதே காரணம்தான்.

இது புது விஷயமும் இல்லை. 1937-லேயே ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் கிணற்று நீர் குடித்து எலும்பும் பல்லும் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். 2008-இல் அடிக்கல், ஜப்பானின் கடனுதவி, 1,928 கோடி ரூபாய்த் திட்டம், 2013-இல் திறப்பு. அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' என்ற சொல் இருக்கிறது. தமிழில் நாம் அதை விட்டுவிட்டோம். அதனால் எங்கள் தெருவில் அது 'இன்னொரு பைப் தண்ணி', அவ்வளவுதான். குளோரின் வாசனை அடிக்கிறது என்று அப்பா அதைத் தொட்டியில் பிடித்து மாட்டுக்கு விட்டார். காவிரித் தண்ணீர் மாட்டுக்கு, போர் தண்ணீர் எங்களுக்கு.

பல்லில் கறை விழுவது பல் முளைத்த பிறகு அல்ல. ஈறுக்குள் எனாமல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் அதைத் தீர்மானிக்கிறது. அம்மா பிறந்தது பாலக்கோடு பக்கம். அவள் பல்லில் இருப்பது எங்கள் போர் இல்லை, அவள் சின்னப் பிள்ளையாக இறைத்துக் குடித்த ஏதோ ஒரு கிணறு. இதைச் சொன்னபோது அம்மா, "எங்க தாத்தா வெட்டுன கெணறு. என் கூடப் பொறந்தவங்க எல்லாத்துக்கும் இப்படித்தான் இருக்கு. நான் பல்லு சரியா வெளக்கலன்னு எங்கம்மா அடிப்பாங்க" என்றாள். செங்கல் பொடி வைத்துத் தேய்க்கச் சொல்வார்களாம்.

அதற்குப் பிறகு அப்பாவிடம் வாதம் செய்ய எனக்கு அதிகம் தேவைப்படவில்லை. 'வேறு நீராதாரம் இல்லாதபோது' என்ற அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். நம் வாசலில் வேறு ஆதாரம் இருக்கிறது. தவிரவும் 2.1 அந்தச் சலுகை வரம்பையும் தாண்டியது. குடிக்க, சமைக்க, டீக்கு எல்லாம் ஒகேனக்கல் தண்ணீர் என்று முடிவாயிற்று. சோறு உலை நீரை உறிஞ்சும் என்பதால் சமையலையும் சேர்த்தோம். டீத்தூளில் தன்னாலேயே ஃபுளோரைடு உண்டு, அதில் இதையும் சேர்ப்பானேன்? குளிக்க, துவைக்க போர் தண்ணீரே போதும். நைட்ரேட் 50 என்பது பெரியவர்களைவிடக் கைக்குழந்தைக்குத்தான் ஆபத்து. இரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பதைக் கெடுக்கும். பால் பவுடர் கலக்க இந்தத் தண்ணீர் கூடவே கூடாது என்று அக்காவிடம் தனியாகச் சொன்னேன். போருக்குப் பக்கத்தில் இருக்கும் எருக்குழியை இடம் மாற்றும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

இனிக் குண்டுமல்லி. அப்பாவுக்கு உண்மையில் ஆர்வம் வந்தது இங்கேதான். பாசனத்துக்கு முதலில் பார்ப்பது மின் கடத்துதிறன். 750-க்கும் 2250-க்கும் நடுவில் என்றால் கவனமாகப் பயன்படுத்தலாம். எங்களுடையது 1140, பரவாயில்லை. ஆனால் அது உப்பின் அளவை மட்டும்தான் சொல்லும். தமிழில் உவர் நிலம் வேறு, களர் நிலம் வேறு. உவர் என்றால் உப்பு மிகுதி. களர் என்றால் சோடியம் ஏறி மண் கட்டமைப்பே குலைந்து, தண்ணீர் இறங்காமல் இறுகிப்போன நிலம். களரை முன்கூட்டியே காட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது, எஞ்சிய சோடியம் கார்பனேட். அறிக்கையில் அது தனியாக இல்லாவிட்டாலும் நாமே போடலாம்: காரத்தன்மையிலிருந்து கடினத்தன்மையைக் கழித்து 50-ஆல் வகுக்க வேண்டும். 320-இல் 140 போக 180, வகுத்தால் 3.6. 1.25 வரை பயமில்லை, 2.5-க்கு மேல் போனால் நிலத்துக்கு ஆகாது.

அப்பா காலண்டர் தாளின் பின்னால் இரண்டு தடவை கழித்துப் பார்த்தார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

மருந்து ஜிப்சம். அதுவும் கால்சியம்தான், தண்ணீரில் இல்லாததை நாம் கொடுக்கிறோம். எங்கள் எண்ணை 1.25-க்கு இறக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 200 கிராம் சுத்தமான ஜிப்சம் வேண்டும். ஏக்கருக்கு ஒரு பாய்ச்சல் 2 லட்சம் லிட்டர் என்று வைத்தால் 40 கிலோ. கடையில் கிடைப்பது கலப்படமில்லாதது அல்ல என்பதால் இன்னும் கொஞ்சம் கூட. மோட்டார் தண்ணீர் விழும் இடத்தில் சின்னத் தொட்டி கட்டி, ஜிப்சம் கட்டிகளைப் போட்டு, அதன் வழியாகத் தண்ணீரை விடுகிறோம். குண்டுமல்லி தேறுமா என்று ஒரு மழை போனால்தான் தெரியும்.

போன வாரம் பக்கத்துக் காட்டுக்காரர் தன் அறிக்கையோடு வந்தார். அவர் கிணற்று நீரில் சோப்பு நுரைக்காது. அவர் வீட்டுப் பாத்திரமெல்லாம் வெள்ளை. ஊரே சிரிக்கும் தண்ணீர். காரத்தன்மை 290, கடினத்தன்மை 410, ஃபுளோரைடு 0.8.

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணக்குப் போட்டார். "என்னண்ணா, கழிச்சா மைனஸ்ல வருது?" என்று அவர் பதறினார்.

"வரட்டும். உன் மண்ணுக்குக் களர் பயம் இல்லப்பா" என்றார் அப்பா.