பூவிருந்தவல்லிக் கல்வெட்டும் ஒரு மாணவனின் கேள்வியும்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், மதரஸாவில் மாலைப் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்த பின்னரும் ஒரு சிறுவன் மட்டும் போகாமல் நின்றான். "ஹஜரத், நம்ம ஆளுங்க இந்த ஊருக்கு எப்ப வந்தாங்க?" என்றான். பள்ளிக்கூடத்தில் உடன் படிக்கும் பையன் கேட்டானாம். இவனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை என்பதே உண்மை. வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். உஹது மலை மதீனாவுக்கு எத்திசையில் உள்ளது என்று கேட்டால் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். நான் குடியிருக்கும் பூவிருந்தவல்லியைப் பற்றிக் கேட்டதும் வாயடைத்துப் போனேன்.

வெட்கத்தோடு தேடிப் படித்தவற்றுள் சிலவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

சென்னைக் கோட்டையிலிருந்து மேற்கே இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், காஞ்சிபுரம் செல்லும் பழைய வழியில் அமைந்தது இவ்வூர். மலை கிடையாது, சமவெளி. வடக்கே கூவம் ஆறு. தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்தின் நீரைத் திருப்பி, பங்காரு கால்வாய் வழியாக அவ்வேரிக்குக் கொண்டு சேர்க்கின்றனர். ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரி நீர் அடையாற்றில் இறங்கும். 2015 டிசம்பரில் அது இறங்கிய வேகத்தை மறந்தவர் நம்மில் எவருமிலர். இன்று சென்னை மாநகரின் குடிநீராகச் செல்லும் இந்நீர், முன்பு நெல் விளைவித்த நீர். நெல் விளைந்ததனால் ஊர் இருந்தது. ஊர் இருந்ததனால் அதிகாரிகளும் வந்தனர்.

ஊர்ப்பெயரில் பூ இருக்கிறது. இராமாநுசர் காலத்தவரான திருக்கச்சி நம்பிகள் இங்கே பிறந்து, இங்கிருந்தே காஞ்சி வரதராசருக்கு மலர் கொண்டு சென்றார் என்று வைணவ நண்பர்கள் கூறுவர். பக்கத்தில் குன்றத்தூர், சேக்கிழார் பிறந்த ஊர்.

1639இல் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடற்கரையை அளித்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் தம்பி ஐயப்ப நாயக்கர் பூவிருந்தவல்லியிலேயே தங்கியிருந்தார். கோட்டை எழுவதற்கு முன்பே இவ்வூர் அதிகார பீடமாக இருந்தது என்பதை இதனால் அறிகிறோம். ஏழெட்டு ஆண்டுகளில் நாயக்கர் ஆட்சி போய், கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப் ஷாவின் ஆட்சி வந்தது. படை நடத்தியவர் மீர் ஜும்லா, பாரசீகத்தில் பிறந்தவர், வைர வணிகத்தில் பெரும் பொருள் சேர்த்தவர். பின்னாளில் தம் சுல்தானையே விட்டு முகலாயரிடம் சேர்ந்தார். அவரைப் போற்றிப் பாட எனக்கு மனமில்லை.

அவரிடம் பணியாற்றிய ஒருவரைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். இவ்வூர்ப் பள்ளிவாசலின் பார்சிக் கல்வெட்டைப் படித்தோர் தரும் செய்தி இது: அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மகன் ருஸ்தும் 1653ஆம் ஆண்டு அப்பள்ளியைக் கட்டினார். ஹிஜ்ரிக் கணக்கில் 1063-64 ஆகும். அஸ்தராபாத் இன்று ஈரானில் குர்கான் என வழங்கும் நகரம். காஸ்பியன் கடலின் தென்கிழக்குக் கோடியை அடுத்துள்ளது. அரபு மதரஸாக்களில் நஹ்வு இலக்கணம் தொடங்கும் மாணவர்கள் ஓதும் 'நஹ்வமீர்' நூலாசிரியர் சையித் ஷரீஃப் ஜுர்ஜானீ பிறந்ததும் அவ்வூரின் அருகேதான். ஏரிக்கரை ஊரில் பள்ளி கட்டியவரும் என் மேசைமீதுள்ள இலக்கணத்தை எழுதியவரும் ஒரே பக்கத்து மண்ணினர் என்று அறிந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பின்னர் 1687இல் கோல்கொண்டா வீழ்ந்தது. ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி 1763இல் இப்பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். ஆங்கிலேயர் இங்கே ராணுவ முகாம் அமைத்தனர். இப்பொழுது சாலை நடுவே மெட்ரோ ரயிலின் தூண்கள் நிற்கின்றன.

சரி, சிறுவனுக்கு 1653 என்று பதில் சொல்லிவிடலாமா? கூடாது. அது ஒரு பள்ளிவாசலின் வயது; ஒரு சமூகத்தின் வயது அன்று. ருஸ்தும் வந்தவர். நம்மில் எத்தனை பேர் அவ்வாறு வந்தவர்கள்? என் தாயாரின் பாட்டனார் இந்த ஏரி நீரில் நாற்று நட்டவர் என்பார்கள். அவருடைய முன்னோர் வந்தவர்களா, இங்கேயே இருந்து இஸ்லாத்தைத் தழுவியவர்களா? கோல்கொண்டாவின் வரலாற்றில் இதற்கு விடை கிடைக்காது.

கிடைத்திருக்கக்கூடிய இடம் ஒன்று இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு பழைய பள்ளிவாசலை (பெயர் வேண்டாம்) இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். பரணிலிருந்து இறக்கிய மூட்டைகளில் கிழிந்த குர்ஆன் பிரதிகளும் இருந்தன. நிக்காஹ் பதிவேடுகளும் இருந்தன. பழைய ஏடுகள் அரபுத்தமிழில் எழுதப்பட்டவை. குர்ஆன் தாள்களைத் துணியில் சுற்றிக் கண்ணியமாக அடக்கம் செய்தோம். பதிவேடுகள் எடைக்குப் போயின. மணமகன், மணமகள், தந்தை, தந்தைக்குத் தந்தை, ஊர், மஹர்த் தொகை, சாட்சிகள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தன. அந்த மூட்டைகளைக் கயிற்றால் கட்டிக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன். என் பாட்டனாரின் நிக்காஹ் நடந்த பள்ளி அதுவே. அன்று யாரும் தடுக்கவில்லை. தடுத்திருக்க வேண்டியவன், கயிறு பிடித்த நான்தான்.

உங்கள் மஹல்லாவின் பரணிலும் அத்தகைய ஏடுகள் இருக்கலாம். கட்டடக் குழு கூடுமுன் முத்தவல்லியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பழைய வக்ஃபுப் பத்திரம், கபரஸ்தானின் மீஸான் கல், வீட்டுப் பெட்டியில் உள்ள மஹர்ச் சீட்டு, எதுவாயினும் புகைப்படமாவது எடுத்து வையுங்கள்.

சிறுவனிடம், "தெரியவில்லை, வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதி வா" என்றேன். அடுத்த வாரம் நோட்டுடன் வந்தான். நன்னியிடம் கேட்டானாம். தகப்பனார், பாட்டனார், முப்பாட்டனார் என மூன்று பெயர்கள். முப்பாட்டனாருக்கு எதிரே "ஏரியில் மீன் பிடித்தவர்" என்று எழுதியிருந்தான். அதற்கு மேலே ஒரு கோடு போட்டு, இடத்தைக் காலியாக விட்டிருந்தான்.