ஒரே கோட்டை, 12 கட்சிகள்! கோபன்ஹேகனில் ஓர் அரசியல் உலா

கோபன்ஹேகன் நகரின் நடுவே, கால்வாய் சூழ்ந்த குட்டித் தீவு ஒன்று இருக்கிறது. அதில் 106 மீட்டர் உயரக் கோபுரத்தோடு நிற்கிறது கிறிஸ்டியன்ஸ்போர்க் அரண்மனை. டென்மார்க் மக்கள் இதைச் சுருக்கமாக 'போர்கன்' என்கிறார்கள். கோட்டை என்று அர்த்தம்.

நாடாளுமன்றம், பிரதமர் அலுவலகம், உச்ச நீதிமன்றம் மூன்றும் இங்கே ஒரே கூரையின் கீழ் இயங்குகின்றன. போதாததற்கு, மன்னர் விருந்தினர்களை வரவேற்கும் மண்டபங்களும் இங்கேதான். அடித்தளத்தில் 1167-ல் பிஷப் அப்சலோன் கட்டிய கோட்டையின் இடிபாடுகளைப் பார்க்கலாம். 1794-லும் 1884-லும் தீக்கு இரையான அரண்மனை, இன்றைய வடிவத்தில் 1928-ல் கட்டி முடிக்கப்பட்டது.

உலகத்துக்கு இந்தக் கோட்டையை அறிமுகப்படுத்தியது ஒரு டி.வி தொடர். 2010-ல் வெளியான 'போர்கன்' தொடரில் மாடரேட், லேபர், லிபரல், கிரீன் என்று எல்லாமே கற்பனைக் கட்சிகள். நடுநிலைக் கட்சியான மாடரேட்டின் தலைவி பிர்கிட்டே நைபோர்க், யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத தேர்தலில் எதிர்பாராமல் பிரதமர் ஆகிறார். நாட்டின் முதல் பெண் பிரதமர்! அடுத்த ஆண்டே நிஜத்திலும் அது நடந்தது. 2011-ல் ஹெல்லே தோர்னிங் ஷ்மிட் டென்மார்க்கின் முதல் பெண் பிரதமரானார்.

ஆச்சர்யம் அதோடு நிற்கவில்லை. தொடரின் மூன்றாவது சீஸனில் நைபோர்க் தன் கட்சியிலிருந்து விலகிப் புதுக் கட்சி தொடங்குவார். இரண்டு முறை பிரதமராக இருந்த லார்ஸ் லொக்கே ராஸ்முசெனும் தன் பழைய கட்சியான வென்ஸ்ட்ரேயை விட்டு வெளியேறி, நடுநிலைக் கட்சி ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர், மாடரேட்! 2022 தேர்தலில் அந்தக் கட்சிக்கு 16 இடங்கள் கிடைத்தன.

எழுத்துதான் அடையாளம்

நாடாளுமன்றத்தில் மொத்தம் 179 இடங்கள். அவற்றில் ஃபாரோ தீவுகளுக்கும் கிரீன்லாந்துக்கும் தலா இரண்டு. நாடு முழுக்க 2 சதவிகித வாக்கு வாங்கினாலே ஒரு கட்சி உள்ளே நுழைந்துவிடலாம். 1973 தேர்தலில், ஐந்தாக இருந்த கட்சிகளின் எண்ணிக்கை ஒரே நாளில் பத்தானது. 2022-ல் டென்மார்க்கிலிருந்து மட்டும் 12 கட்சிகள் உள்ளே வந்தன.

வாக்குச்சீட்டில் கட்சிக்குச் சின்னம் கிடையாது, எழுத்துதான் அடையாளம். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 'ஏ', வென்ஸ்ட்ரேவுக்கு 'வி', மாடரேட்டுக்கு 'எம்'. பெயரைப் பார்த்து ஏமாறவும் கூடாது. வென்ஸ்ட்ரே என்றால் 'இடது' என்று பொருள். ஆனால், அது வலதுசாரிப் பக்கம் நிற்கும் கட்சி!

இத்தனை கட்சிகள் இருக்கும்போது யார் ஆட்சி அமைப்பது? பெரும்பான்மைக்கு 90 பேர் வேண்டும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எந்தக் கட்சிக்கும் தனியாக அது கிடைத்ததில்லை. அதனால் சட்டம் வேறு மாதிரி கணக்குப் போடுகிறது. அரசுக்கு ஆதரவாக 90 பேர் கைதூக்க வேண்டியதில்லை. எதிராக 90 பேர் திரளாமல் இருந்தால் போதும். சிறுபான்மை அரசுகள் அங்கே சர்வசாதாரணம். ஒவ்வொரு மசோதாவுக்கும் கதவு கதவாகத் தட்டி ஆதரவு தேட வேண்டும்.

பேரத்தில் போன விடுமுறை

பேசிப் பேசியே ஆளும் இந்த முறைக்கு ஒரு விலையும் உண்டு. 2022 தேர்தலில் இடதுசாரிகளின் சிவப்பு அணிக்கு, நூலிழையில் சரியாக 90 இடங்கள் வந்தன. ஆனால், பிரதமர் மெட்டே ஃப்ரெடெரிக்சன் அந்த அணியோடு ஆட்சி அமைக்கவில்லை. ஆறு வாரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அதுவரை எதிரணியில் இருந்த வென்ஸ்ட்ரேயோடும் மாடரேட்டோடும் கைகோத்தார். இரு அணிகளையும் தாண்டிய அரசு வேண்டும் என்று அவர் தேர்தலுக்கு முன்பே சொல்லியிருந்தார். அதில் ஒளிவுமறைவு இல்லை.

ஆனால், அந்தக் கூட்டணி ஒப்பந்தத்தில் இருந்த ஒரு வரி நாட்டையே உலுக்கியது. 1686 முதல் கொண்டாடப்பட்ட 'பெரும் பிரார்த்தனை நாள்' விடுமுறை ரத்து! ஈஸ்டருக்குப் பின் வரும் நான்காவது வெள்ளிக்கிழமை அது. முந்தைய நாள் மாலையில் குடும்பமாக உட்கார்ந்து, சூடான கோதுமை பன்னில் வெண்ணெய் தடவிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். மக்கள் கூடுதலாக ஒரு நாள் வேலை செய்தால் ராணுவச் செலவுக்குப் பணம் கிடைக்கும் என்றது அரசு. தேர்தல் பிரசாரத்தில் மக்கள் முன் வைக்கப்படாத யோசனை இது.

2023 பிப்ரவரி 5 அன்று பல்லாயிரம் பேர் இந்த அரண்மனை முன் உள்ள சதுக்கத்தில் திரண்டார்கள். ஆனாலும், அதே மாதம் 28-ம் தேதி 95-க்கு 68 என்ற வாக்குகளில் மசோதா நிறைவேறியது. 2024 முதல் அந்த விடுமுறை இல்லை.

யாரும் தனியாக ஆள முடியாது என்பது இந்த நாட்டின் பெரிய பாதுகாப்பு. ஒருவர் நினைத்ததையெல்லாம் செய்துவிட முடியாது. ஆனால், வாக்குச்சீட்டில் இல்லாத ஒன்று பேச்சுவார்த்தை மேஜையில் முடிவாகும்போது, யாருக்கு ஓட்டுப் போட்டால் எது கிடைக்கும் என்று வாக்காளருக்கே தெரியாமல் போகிறது. நைபோர்க்கின் கதையை விறுவிறுப்பாக்கிய அதே பேரம்தான், நிஜத்தில் மக்களின் ஒரு நாளை எடுத்துக்கொண்டது.

கோபன்ஹேகன் போகிறவர்கள் கோபுரத்தின் மேலே ஏறிப் பார்க்கலாம். கட்டணம் இல்லை, பாதுகாப்புச் சோதனை மட்டும் உண்டு. மேலிருந்து நகரத்துக் கூரைகளும், கால்வாய்களும், அதற்கு அப்பால் கடலும் தெரியும். அப்படியே கொஞ்சம் குனிந்து கீழேயும் பாருங்கள். தங்கள் விடுமுறைக்காக மக்கள் கூடி நின்ற சதுக்கம் அங்கேதான் இருக்கிறது.