தொட்டிக்குள் இருக்கும் வரை கள்ளி அழகுதான்

தண்ணீர் கேட்காத செடி என்றால் குண்டடம் பக்கம் யாருக்குத்தான் பிடிக்காது? ஆடி மாதம் முழுக்கப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை. ரோஜா கருகிப்போன வாசல்களில் இப்போது கையளவுத் தொட்டியில் கள்ளி உட்கார்ந்திருக்கிறது. பனியன் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள் திருப்பூரில் வாங்கி வருகிறார்கள்.

அப்படி மருமகள் வாங்கி வந்த செடியைப் பார்த்த மாமியார், "ஏங் கண்ணு, வேலியில கெடக்கறத வீட்டுக்குக் கொண்டாந்துட்டயே?" என்றார். "இது அந்தக் கள்ளி இல்லீங்க அத்தை" என்றாள் மருமகள். இருவர் சொன்னதிலும் உண்மை உண்டு.

வேலியில் நிற்கும் திருகுகள்ளி, சதுரக்கள்ளியைக் கிள்ளினால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் ஆபத்து. தொட்டிக் கள்ளி வேறு குடும்பம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆனால், நம் மேய்ச்சல் நிலத்தை வளைத்துப்போட்ட சப்பாத்திக்கள்ளியும் அதே குடும்பம்தான்.

1795-ல் சிவப்புச் சாயம் எடுப்பதற்காகப் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சியை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்தது நல்ல சாயம் தரும் இனம் அல்ல. ஆனால், அது ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. சப்பாத்திக்கள்ளியை மட்டும் தொடவில்லை. 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு இனத்தைக் கொண்டு வந்து விட்ட பிறகுதான் தென்னிந்தியாவில் அது அடங்கியது.

வளர்ப்பது சுலபம். ஒரு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல் அல்லது செங்கல் ஜல்லி, ஒரு கைப்பிடி மட்கிய உரம் போதும். கரிசல் மண் ஆகாது. ஈரம் பிடித்து வேரை அழுக வைக்கும். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி நல்லது. காலை வெயில் படவேண்டும். மண் அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர். கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அடைமழைக் காலத்தில் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மழைநீர் பிடித்து ஊற்றலாம்.

அடித்தண்டு பழுத்து மெத்தென்று ஆனால் அழுகல் என்று அர்த்தம். நல்ல பகுதியை வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, உலர்ந்த மணலில் நட்டால் வேர்விடும். பஞ்சு போல மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். பச்சைத் தண்டின் மேல் சிவப்பு உருண்டை இருப்பது ஒட்டுச்செடி. அந்த உருண்டையில் பச்சையம் இல்லை. தண்டை வெட்டினால் பிழைக்காது.

முக்கியமான விஷயம் ஒன்று. தட்டைத் தண்டுக் கள்ளியின் துண்டு விழுந்த இடத்தில் வேர்விடும். வேண்டாத செடியைக் கொரங்காட்டிலோ ஓடையிலோ வீசக்கூடாது. ஆடு, மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்லை அது விழுங்கிவிட்டால், மறுபடி பிடுங்குவது ஒரு தலைமுறை வேலை. துண்டு துண்டாக நறுக்கி, வெயிலில் நன்கு காயவைத்து எரித்துவிட வேண்டும்.

வறட்சி தாங்கும் செடிதான் வேண்டும் என்றால், கிளுவை வேலியோரம் முளைக்கும் கள்ளிமுளையானையும் தொட்டியில் வைக்கலாம். பெயரில்தான் கள்ளி, அது எருக்கின் உறவு. தண்டை ஒடித்து நட்டாலே வரும். துவையலுக்கும் ஆகும்.