தொட்டிக்குள் ஒரு தாதா

மூணடித் தொட்டி, சுமார் 190 லிட்டர் உப்புத் தண்ணீர், தீபாவளி போனஸ் காலி. கடல் மீன் வளர்க்கப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "வஞ்சிரமா?"

கொளத்தூரில் ஒரு கடைக்காரர், "முதல்ல டாம்ஸல் ஒண்ணு விடுங்க சார். லேசுல சாவாது" என்றார். கட்டைவிரல் அளவு, பேனா மை நீலம். புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பெருக ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கும் மீனாம். (மீனே விடாமல் பொறுத்திருப்பதுதான் சரி என்று அப்புறம் படித்தேன்.) ஆறு வாரத்தில் பயல் மொத்தத் தொட்டிக்கும் பட்டா வாங்கிவிட்டான்.

பிறகுதான் இரண்டு க்ளவுன் மீன்கள் வந்தன. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' ஹீரோ ஜாதி. உயிரியல்படி இதுவும் டாம்ஸலும் ஒரே குடும்பம். பங்காளி! கேட்கவா வேண்டும்? மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால், சின்னது பம்புக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருக்கிறது. வால் நார் நாராக. கடலில் என்றால் கொஞ்ச தூரம் ஓடித் தப்பிக்கலாம். இங்கே எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணாடி.

"அப்பா, அது செத்துடுமா?" என்றாள் பெண். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கல்லையெல்லாம் இடம் மாற்றினால் ஏரியா குழம்பி தாதா அடங்குவான் என்பார்கள். மாற்றினேன். பத்து நிமிஷத்தில் புது ஏரியாவுக்கும் பட்டா! வலையை எடுத்தேன். ரெண்டு மணி நேரம். ஒவ்வொரு கல்லாக உப்புத் தண்ணீர் வாளிக்கு மாற்றி, தொட்டியே மொட்டை. ஆளைக் காணோம். கடைசியில் வாளிக்குள், ஒரு கல்லின் பொந்திலிருந்து எட்டிப் பார்க்கிறான்!

அரிசி களையும் பிளாஸ்டிக் கூடையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, ஞாயிறு வரை சிறை. அப்புறம் கொளத்தூருக்கே. "நல்லாத்தானே இருக்கான்?" என்றார் கடைக்காரர்.

சின்னது அஞ்சு நாள் எதையும் தொடவில்லை. ஆறாம் நாள் ஒரே ஒரு இறால் துணுக்கு. பெண் கைதட்டினாள். வாலின் அடிச்சதை தப்பியிருந்ததால் துடுப்பு மெல்ல வளர்ந்தது.

நிம்மதி ஒரு மாசம்தான். இப்போது பெரிய க்ளவுன், சின்னதை முட்ட ஆரம்பித்தது! கூடையைத் தேடி ஓடினேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. க்ளவுன் மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வளரத் தொடங்கும்; ஜோடியில் அதட்டுகிற பெரியது பெண்ணாக மாறிவிடும். இது அம்மணியின் அதிகாரம். சின்னது ஒருக்களித்துச் சாய்ந்து, உடம்பை வெடவெடவென்று நடுக்கிக் காட்டியது. சரணாகதி. அம்மணி விட்டுவிட்டாள்.

"இதை யார்கிட்டங்க கத்துக்கிச்சு?" என்றாள் என் மனைவி.