விருது யாருக்கு?

விருது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மேடை, சால்வை, கைதட்டல், ஒரு போட்டோ. எனக்கு மட்டும் சின்னப்பிள்ளை அம்மாதான் ஞாபகத்துக்கு வருவாங்க.

மதுரைப் பக்கம் புல்லுச்சேரி. பள்ளிக்கூடம் போகாதவர். வயல் வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தலைவியாக நின்று நிலக்காரரிடம் கூலி பேசியவர். வட்டிக்கடனிலிருந்து மீள, களஞ்சியம் மகளிர் குழுக்களில் பெண்களைச் சேர்த்தவர். 2001ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019ல் பத்மஸ்ரீயும் வந்தது.

எங்க அம்மாவும் ஒரு மகளிர் குழுவில்தான் இருக்காங்க. என் முதல் வருஷ ஃபீஸ் அந்தக் குழுக்கடன். என்னைப் படிக்க வைத்த அந்தப் பெண்களுக்கு எந்த மேடையிலும் ஒரு நாற்காலி கிடையாது.

அதனால் ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு விழாவில் ரேங்க் வாங்கினவனுக்கும் கப் ஜெயிச்சவனுக்கும் பரிசு தருகிறோம். தரட்டும். அதோடு கூலிக்காக, குடிதண்ணீருக்காக, சுடுகாட்டுப் பாதைக்காகத் தன் ஊரில் முன்னால் நின்று பேசிய ஒருவரையும் வருஷா வருஷம் கௌரவிப்போமே! யாரென்று அந்த ஊர்க்காரங்களையே கேட்போம். விருதால் அவங்க பெரிய ஆளாகப் போறதில்லை, ஏற்கனவே பெரியவங்கதான். ஆனா அடுத்த தடவை தாலுகா ஆபீஸ் படியேறும்போது, தான் தனியா இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும். அது போதும்.