வக்காலத்தில் அவள் பெயரும்

பெண்கள் வழக்கறிஞராகலாம் என்று சட்டம் வந்தது 1923இல். உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி வர 1989 ஆனது. வழக்கறிஞராக இருந்து நேரடியாக அங்கே நீதிபதியான முதல் பெண் இந்து மல்ஹோத்ரா, அது 2018இல்.

திறமை இல்லாமலா இத்தனை தாமதம்? வழக்குகள் பெரும்பாலும் பழக்கத்தில்தான் கைமாறுகின்றன. மாலையில் சேம்பரில் நடக்கும் பேச்சில் நம் பெண்கள் இருப்பதில்லை. பிரசவம் முடிந்து திரும்பும் ஜூனியரின் கேஸ் கட்டுகள் அதற்குள் வேறு கைக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் கூப்பிட்டு வேலை கொடுக்க, எந்த நீதிபதி முன் எப்படி வாதாடுவது என்று சொல்லித்தர, பெண் வழக்கறிஞர்களின் கூட்டமைப்பு அவசியம் வேண்டும்.

உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்கத்தின் செயற்குழுவிலேயே பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைக்க, 2024இல் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

சீனியர் அக்காமாரே, அடுத்த வழக்கில் ஒரு ஜூனியர் பெண்ணை வாதாட விடுங்கள். வக்காலத்தில் அவள் பெயரையும் சேருங்கள்.