மறுகா... மறுகா...

சென்ற நோன்பு விடுமுறையில் எனது மடிக்கணனிக்கு ஒரு வருத்தம் வந்தது.

ஆளியை அழுத்தினால் உயிர் வரும். கம்பனியின் சின்னம் திரையில் தோன்றும். அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுழலும். சற்று நேரத்தில் நீல நிறத்தில் ஏதோ மின்னி மறையும். திரை இருண்டுவிடும். பிறகு அதே சின்னம், அதே புள்ளிகள், அதே இருள். நான் பார்த்துக்கொண்டிருக்க ஒன்பது தடவை எழுந்து ஒன்பது தடவையும் விழுந்தது. பக்கத்தில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருந்த உம்மா எட்டிப் பார்த்தார்.

"என்ன மகன், மறுகா மறுகா அதத்தானே காட்டுது?"

எங்கள் பக்கத்தில் 'மறுகா' என்றால் பிறகு, மீண்டும் என்று பொருள். அந்த நோய்க்கு உம்மா வைத்த பெயரை விடப் பொருத்தமான பெயரை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

ஒரு கணனி பழுதாவது ஊரில் பேசத்தக்க விடயமல்ல. எனக்கு அன்று இரவு நித்திரை வராமற் போனதற்குக் காரணம், அதற்குள் இருந்தவை. ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் ஓர் ஒப்படைக்காக ஊர்ப் பெண்களிடம் கவிகளையும் தாலாட்டுகளையும் கேட்டு எழுதத் தொடங்கினேன். ஒப்படை முடிந்த பிறகும் விடவில்லை. மூன்று கொப்பிகள் நிறைந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது மூன்றும் போயின. அன்று எங்கள் கரையோரம் பறிகொடுத்த உயிர்களின் முன்னால் கொப்பிகளைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. பல வருடங்கள் நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். எனக்குக் கவி சொன்ன பெண்களில் உம்மாவைத் தவிர எல்லோரும் மௌத்தாகியிருந்தார்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊரூராகத் தேடித் தொகுத்திருக்காவிட்டால் எங்களிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்ற எண்ணமும் வந்தது. உம்மாவின் குரலைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, மடிக்கணனியில் சேர்த்தேன். நாற்பத்துமூன்று பதிவுகள். அவற்றிற் பாதியைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சும் செய்திருந்தேன். கடல் தொட முடியாத இடத்தில் வைத்துவிட்டேன் என்ற நிம்மதியோடு இருந்தேன். வேறெங்கும் ஒரு பிரதி வைக்கவில்லை.

மறுநாள் பட்டணத்தில் ஒரு திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனேன். மேசையில் இருந்த பையன் ஒருமுறை போட்டுப் பார்த்தான்.

"போமட் அடிச்சுப் புதுசா விண்டோஸ் போட்டாச் சரி சேர். ஒரு மணித்தியாலம்."

"உள்ளுக்க இருக்கிறதெல்லாம்?"

"அது போகும். தேவையான சாமான் ஏதும் கிடக்கா?"

நான் பதில் சொல்லாமல் கணனியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவனில் குற்றமில்லை. கணனி வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அவனிடம் வருகிறவர்களின் தேவை. எனக்குக் கணனி வேலை செய்யாமற் போனாலும் பரவாயில்லை.

அன்றிரவு தராவீஹ் முடிந்து, என்னிடம் ஏழாம் ஆண்டில் படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். சிறிய திருகாணிச் செலுத்தி ஒன்றும் ஒரு பென்ட்ரைவும் அவனது சட்டைப் பையில் இருந்தன. கணனியைத் தொடுவதற்கு முன்னர், "கடைசியா என்ன நடந்த சேர்?" என்று கேட்டான்.

தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. மின்கலம் பழையது; தாங்கவில்லை. இதைச் சொன்னேன். இன்னும் தூண்டிக் கேட்டபோது, ஒரு மாதமாகக் கணனி மந்தமாக இருந்ததும், சில வேளைகளில் உள்ளேயிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்ததும் ஞாபகத்துக்கு வந்தன. அவன் முகம் கொஞ்சம் மாறியது.

முதலில் சுட்டியையும் வேறு செருகியிருந்தவற்றையும் கழற்றினான். மின்னிணைப்பையும் மின்கலத்தையும் அகற்றிவிட்டு, ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தான். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துபோவதற்காம். நினைவகத் துண்டைக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகினான். சில கணனிகள் இவ்வளவிலேயே குணமாகிவிடுமாம். என்னுடையது ஆகவில்லை.

"எந்த இடத்தில விழுகுதெண்டு பாருங்க சேர்" என்றான். மின் வந்தவுடன் கணனிக்கு ஒன்றும் தெரியாது. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறிய நிரல் முதலில் விழித்து, நினைவகம் வந்திருக்கிறதா, விசைப்பலகை வந்திருக்கிறதா, வன்தட்டு வந்திருக்கிறதா என்று இடாப்புக் கூப்பிடும். பிறகு வன்தட்டில் உள்ள இன்னொரு நிரலை எழுப்பும். அது விண்டோஸை எழுப்பும். சின்னம் தோன்றுவதற்கு முன்பே விழுந்தால் பெரும்பாலும் நினைவகம், மின்சாரம், சூடு போன்றவற்றிற் கோளாறு. புள்ளிகள் சுழலத் தொடங்கிய பிறகு விழுந்தால் விண்டோஸையோ, அதன் இயக்கிகளில் ஒன்றையோ, வன்தட்டையோ சந்தேகிக்க வேண்டும். என்னுடையது இரண்டாவது வகை.

அடுத்து அவன் செய்தது எனக்கு விசித்திரமாக இருந்தது. புள்ளிகள் சுழலும்போதே ஆளியை அழுத்திப் பிடித்து அணைத்தான். மீண்டும் போட்டான். மீண்டும் அணைத்தான். இப்படித் தொடர்ந்து இடையில் நிறுத்தினால், தன்னால் எழும்ப முடியவில்லை என்று விண்டோஸுக்கு விளங்கி, திருத்தும் பக்கத்தைத் தானே திறக்குமாம். திறந்தது. அதற்குள் போகப் போக ஒரு பட்டியல் வந்தது. ஒன்பது தெரிவுகள். நான்காவது, மிக அவசியமானவற்றை மட்டும் கொண்டு எழும்பும் பாதுகாப்பு முறை. அவன் அதைத் தொடாமல் ஒன்பதாவதை அழுத்தினான்.

"இது என்ன தம்பி?"

"விழுந்தா உடனே எழும்பாத எண்டு சொல்ற சேர்."

அப்போதுதான் விடயம் விளங்கியது. விழுந்தவுடன் தானாகவே மீண்டும் தொடங்குமாறு விண்டோஸை முன்கூட்டியே அமைத்திருக்கிறார்கள். பாவிப்பவருக்கு உதவியாகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் விழுந்த காரணத்தை எழுதிக் காட்டும் நீலத் திரையை நாம் வாசிப்பதற்குள் அந்த உதவியே அழித்துவிடுகிறது. ஒன்பதாவதை அழுத்தியதும் நீலத் திரை மறையாமல் நின்றது. வன்தட்டில் விண்டோஸ் உள்ள பகுதியைத் திறக்க முடியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு நாட்களாக அது எனக்குச் சொல்ல முயன்றது இதைத்தான்.

வகுப்பில் வாய்ப்பாடு ஒப்புவிக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். ஏழாம் வாய்ப்பாட்டில் 'ஏழெட்டு' என்று வந்ததும் நாக்குத் தடுக்கும். உடனே 'ஓரேழு ஏழு' என்று முதலிலிருந்து ஓடி வருவார்கள். அதே இடத்தில் மீண்டும் தடுக்கும். எத்தனை தடவை ஓடி வந்தாலும் ஏழெட்டு ஐம்பத்தாறு என்பது வராது. நிறுத்தி, "எந்த இடத்தில் தடுக்கிறது?" என்று கேட்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாகப் படிப்பிக்கும் நான் எத்தனை பிள்ளைகளிடம், "பிழை, முதலிலிருந்து சொல்" என்றிருக்கிறேன்!

இந்த நோய் எளியவர்களின் பழைய கணனிகளுக்கு மட்டும் வருவதல்ல. 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணனிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசொப்ட் மதிப்பிட்டது. அவற்றிற் பெருந்தொகையானவை இப்படித்தான் விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன. விமானங்கள் நின்றன, வைத்தியசாலைகள் தடுமாறின. அனுப்பிய பிழையைச் சிறிது நேரத்திலேயே திருத்தி அனுப்பினார்கள். ஆனால் எழும்பாத கணனி எதைப் பெற்றுக்கொள்ளும்? பெரும்பாலான இடங்களில் மனிதர்கள் ஒவ்வொரு கணனியாகப் போய், பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. வன்தட்டைப் பூட்டிட்டு வைத்திருந்த கணனிகள் 48 இலக்கங்கள் கொண்ட திறவெண்ணையும் கேட்டன. அப்படியான கணனி உங்களிடம் இருந்தால் அந்த எண்ணை ஒரு கடதாசியில் எழுதி வையுங்கள். கடதாசி இன்னும் தேவைப்படுகிறது.

வன்தட்டைத் திருத்தும் கட்டளை ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதைப் போடலாமே என்றேன். தம்பி மறுத்தான். "அது தட்டில எழுதும் சேர். சாகக் கிடக்கிற தட்டில எழுதினா இருக்கிறதும் போயிரும். முதல்ல எடுப்பம். திருத்துறத மறுகா பாப்பம்."

அவனுடைய பென்ட்ரைவில் உபுண்டு இருந்தது. கணனியில் எதையும் நிறுவாமல், பென்ட்ரைவிலிருந்தே அதை எழுப்பினான். வன்தட்டை வாசிக்க மட்டும் திறந்து, கோப்புகளை வேறொரு தட்டுக்குப் பிரதிசெய்யத் தொடங்கினான். அந்த 'டிக், டிக்' சத்தம் மீண்டும் கேட்டது. இடையிடையே நின்று நின்று, ஸஹர் நேரம் வரை ஓடியது. பிறகு, வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் குறிப்பைத் திறந்து காட்டினான். பழுதான பகுதிகள் ஏராளமாகப் பதிவாகியிருந்தன. கரண்ட் போனது கடைசி உதை மட்டுமே. தட்டு பல நாட்களாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. புதிய தட்டுப் போட்டு விண்டோஸ் நிறுவியதும் கணனி எழும்பிவிட்டது.

நாற்பத்துமூன்றில் நாற்பத்தொன்று கிடைத்தன. ஓர் ஊஞ்சற் பாட்டும், உம்மாவுக்கு அவருடைய உம்மா சொல்லிக்கொடுத்த ஒரு தாலாட்டும் வாசிக்க முடியாமற் போயின. இரண்டும் நான் தட்டச்சு செய்யாதவை.

பெருநாள் கழிந்து இரண்டாம் நாள் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அந்தத் தாலாட்டை ஒருக்காப் பாடச் சொல்லிக் கேட்டேன். உம்மாவுக்கு எழுபத்தொன்பது வயது. சிரித்துக்கொண்டு தொடங்கினார். மூன்றாம் அடியில் நின்றுவிட்டார். "இரி மகன்" என்று முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் நின்றார். மூன்றாம் தடவையும் தொடங்கப் போனபோது நான் மெதுவாகக் கையைப் பிடித்தேன்.

"எந்த இடத்தில உம்மா நிக்குது?"

உம்மா கண்ணை மூடினார். "தொட்டிலுக்கு மேல என்னவோ தொங்கும். அது வருகுதில்ல."

எனக்கும் தெரியவில்லை. பதிவுசெய்த நானே அதைக் கவனித்துக் கேட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குசினிக்குள் இருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"வெள்ளிக் கிளியெல்லோ உம்மா."

உம்மாவின் முகம் மலர்ந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைசி அடி வரைக்கும் போனார். ராத்தாவும் கையைத் துடைத்தபடி வந்து கூடவே முணுமுணுத்தார். தன்னுடைய பிள்ளைகள் நால்வரையும் அந்தத் தாலாட்டில்தான் தூங்கவைத்தாராம். ஊரெல்லாம் கவி தேடித் திரிந்த நான், ஒரு நாளும் ராத்தாவிடம் கேட்டதில்லை. அவர் இருந்தது அடுத்த வளவில்.

ஊஞ்சற் பாட்டு இருவருக்கும் வரவில்லை. அது போனது போனதுதான்.

இப்போது பதிவுகள் மூன்று இடத்தில் இருக்கின்றன: கணனியில் ஒன்று, வேறொரு தட்டில் ஒன்று, கொழும்பில் இருக்கும் மகனிடம் ஒன்று. தட்டச்சு செய்தவற்றைக் கடதாசியில் அச்சிட்டும் வைத்திருக்கிறேன். மீதியை எழுதப் புதிதாக ஒரு கொப்பி வாங்கியிருக்கிறேன். அதன் முதற் பக்கத்தில் ராத்தாவின் பெயர் இருக்கிறது.